பீரோவில் பூட்டி வைத்த ஒயர்

அந்த டேபிள் ஃபேன் ஒயர் நடக்கற வழியில கிடக்கு சார். டீ கொண்டு வந்தவர் இப்பவே ஒரு தடவை தடுக்கிண்டு போனார். சுவரோரமா ஒதுக்கிப் போடச் சொல்லுங்கோ, அப்புறம் நிதானமாப் பேசலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

என் பேர் ஹாலாஸ்யம். தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்குப் பின்னாடி சந்துல குடியிருக்கேன். கவர்மென்ட் ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டு. போன மாசம் எங்காத்துல ஒரு சாவு நடந்தது, நீங்கதான் வந்து பார்த்தேள். என் தங்கை ஸ்யாமளா. கிரைண்டர்ல மாவு அரைக்கறச்சே ஷாக் அடிச்சுப் போயிட்டாள்னு எழுதிண்டு போனேள். அதுல ஒரு திருத்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனா முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்காம் பழைய ஓட்டு வீடு. மொத்த வீட்டுக்கும் பிளக் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணு, கூடத்துல, என் ஈஸிசேருக்குப் பக்கத்துல. இன்னொண்ணு வச்சுக் கொடுங்கோன்னு வீட்டுக்காரரைக் கேட்டா ‘பாக்கலாம், பாக்கலாம்’னே காலத்தை ஓட்டிட்டார். அதனால டவுன் ஹால் ரோடுல ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கினேன். நல்ல கனமான ஒயர், கடைக்காரன் காட்டினதுல ஒசத்தி. உள்ளே ஃபேன் போட, இஸ்திரி போட, எல்லாத்துக்கும் அதுதான்.

ஒயரை வாங்கறது பெரிசில்லை சார், வச்சுப் புழங்கத் தெரியணும். பாய்க்கு அடியில விட்டா சூடேறும். ஈரத்துல போடக்கூடாது. ஒரே பாக்ஸ்ல நாலு சாமானைச் சொருகக்கூடாது. பிளக்கைப் பிடிச்சுக் கழட்டணும், ஒயரைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. வேலை முடிஞ்சா முறுக்கில்லாம சுருட்டி வைக்கணும். இதெல்லாம் படிப்பறிவே வேண்டாத விஷயம். என் ஆத்துக்காரி ஜானுவுக்கு இதையெல்லாம் நான்தான் பக்கத்துல உக்காத்தி வச்சுச் சொல்லிக் கொடுத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. சொல்லிக் கொடுக்க எனக்கு அவதான் இருந்தாள்.

ஆனா சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு சார் வரும். ஒரு நாள் பார்த்தா ஒயரை இழுத்துக் கழட்டியிருப்பாள். இன்னொரு நாள் சுருட்டாம அப்படியே போட்டிருப்பாள். வாயால சொல்றதை விட்டுட்டு வேற வழிக்குப் போக வேண்டியதாப் போச்சு. அந்த ஒயரையே ரெண்டா மடிச்சா நல்ல கனம் இருக்கும். முதுகுல விழுந்தா வெளியில தெரியாது, ரவிக்கை மறைச்சுடும். நான் கோபத்துல ஒரு நாளும் கை வச்சதில்லை. எந்தத் தப்புக்குன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

ஒரு கோடையில ஃபேன் ஒயரைக் கதவிடுக்கு வழியாக் கொண்டுபோய் உள்ளுக்குள்ள விட்டிருந்தாள். கதவு சாத்திச் சாத்தி ஒயரோட தோல் நசுங்கியிருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். ‘நசுங்கினாப்பல தெரியலையே’ன்னாள். பார்வைக்குத் தெரியாது, உள்ளே கம்பி அறுந்திருக்கும்னு சொன்னேன். அவ மூஞ்சியில புரிஞ்ச அடையாளமே இல்லை. சரி, ஒயருக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் புரியும்னு அவ வலது கையை வாங்கி, ரெண்டு விரலைக் கீல் பக்கம் இடுக்குல வச்சுக் கதவைச் சாத்தினேன். ஓங்கிச் சாத்தலை சார், நிதானமாத்தான் சாத்தினேன். புடவைத் தலைப்பை வாயில அடைச்சுண்டாள். பக்கத்தாத்துல யாருக்கும் கேக்கலை. அந்த ஒரு விஷயத்துல அவ கெட்டிக்காரி.

அதுக்கப்புறம் கதவிடுக்குல ஒயரை விட்டதே கிடையாது. ஆனா அந்த ரெண்டு விரலும் நேரா மடங்கலை. ஆட்டுக்கல்லுல குழவியைப் பிடிச்சுச் சுத்த முடியாம போயிடுத்து. அவ தமையன் பசுபதி, பேங்க்ல இருக்கான், எஸ்.எஸ். காலனியில வீடு. பொங்கலுக்கு வந்தவன் கையைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டான். வாசக்கதவு காத்துல அடிச்சுடுத்துன்னு ஜானுவே சொல்லிட்டாள். அடுத்த மாசமே ஆட்டோல ஒரு கிரைண்டரை ஏத்திண்டு வந்து இறக்கினான். ‘கையால அரைச்சுக் கஷ்டப்படாதேடி’ன்னான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நான் சம்பாதிக்கற வீட்டுல என்னைக் கேக்காம ஒரு சாமான் வந்து உக்காந்தா நீங்க என்ன நினைப்பேள் சார். ‘காபி சாப்பிட்டுட்டுப் போ பசுபதி’ன்னேன்.

கிரைண்டரை முத்தத்துலதான் வைக்க முடியும், பக்கத்துல குழாய் இருக்கு. பிளக் கூடத்துல. நடுவுல ஒயர் வேணும். இரும்புச் சாமான், ஈரத் தரை, பொம்மனாட்டி கை. இந்த மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு எனக்குக் கவலை வந்துடுத்து. ஒயரைச் சுருட்டி என் பீரோவுல வச்சுப் பூட்டினேன். அரைக்கணும்னா எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கணும். கேட்டா மட்டும் போதாது. ‘ஈரக் கையால தொடமாட்டேன், செருப்பில்லாம நிக்கமாட்டேன், இழுக்கமாட்டேன்’னு எல்லாத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கணும். ஒண்ணு விட்டாலும் முதல்லேர்ந்து. அதுலயும் தப்பு விட்டாள்னா அன்னிக்கு ஒயர் இல்லை, இட்லியும் இல்லை. தினம் சாயங்காலம் நான் ஈஸிசேர்ல உக்காந்திருக்க, அவ கைகட்டி நின்னுண்டு ஒப்பிப்பாள். எனக்கு அது பிடிச்சிருந்தது, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆபீஸ்ல நாள் பூரா அடுத்தவாளுக்குத் தலையாட்டிட்டு வரவனுக்கு அந்த ஒரு நேரம்தான் நிம்மதி.

வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுண்ட கதையா நடுவுல ஒருத்தி வந்து சேர்ந்தாள். எங்க பின்பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு. திருவாதவூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் லாரி ஓட்டறான். ஒரு நாள் நான் திண்டுல சாய்ஞ்சு கண்ணை மூடிண்டிருக்கேன், தூங்கறேன்னு நினைச்சுண்டு கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பேசறாள்.

“மாமி, எங்க வீட்டு ஒயரு சும்மாத்தேன் கெடக்கு. இம்புட்டு நீளம். அவரு லோடு ஏத்திப் போனாருன்னா வர வாரமாகும். எடுத்துக்கங்க. இதுக்குப் போயி அய்யருகிட்ட எதுக்குக் கையேந்துறீக?”

“வேண்டாம் தங்கம், அவருக்குத் தெரிஞ்சா வம்பு.”

“அவரு ஆபீஸு போனப்பறம் அரைங்க. நானும் என் அரிசிய எடுத்துக்கிட்டு வாரேன். பேச்சுத்துணைக்கு ஆச்சுல்ல.”

நான் கண்ணைத் திறக்கலை. நல்லது, நம்ம ஆத்துக்காரி எம்புட்டு தூரம் போறாள்னு பார்க்கலாமேன்னு விட்டேன். பாருங்கோ, தங்கப்பொண்ணு பேச்சு எனக்கும் ஒட்டிண்டுடுத்து.

ஒரு நாள் தலைவலின்னு மத்தியானமே ஆத்துக்குக் கிளம்பி வந்தேன். கேட்டைத் திறக்கறச்சே உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம். யார்னு தெரியலை, அப்புறம்தான் தெரிஞ்சது அது ஜானுன்னு. கல்யாணமாகி அத்தனை வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தா கிரைண்டர் ஓடிண்டிருக்கு, தங்கப்பொண்ணு மாவைத் தள்ளி விடறாள், இவ தூணுல சாய்ஞ்சுண்டு கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறாள். எனக்கு வயிறு எரிஞ்சுது சார். ஒரு கிரைண்டரும் லாரிக்காரன் பொண்டாட்டியும் கொடுக்கற சந்தோஷத்தை என்னால கொடுக்க முடியலையான்னு இருந்தது.

தங்கப்பொண்ணை மரியாதையாத்தான் அனுப்பினேன். ‘மாவை எடுத்துண்டு போம்மா, நான் கொஞ்சம் படுக்கணும்’னேன். கதவைத் தாழ் போட்டேன். தங்கப்பொண்ணு விட்டுட்டுப் போன ஒயரையே எடுத்துண்டேன். அது என்னோடது மாதிரி கனமில்லை, ஆனா முனையில பிளக் இருந்தது. அதைக் கழட்டி வச்சிருக்கணும், அது என் கவனக்குறைவுதான். புருவத்துல பட்டுப் பிளந்துடுத்து. ஜானு தரையில விழுந்தப்புறமும் கொஞ்ச நேரம் நடந்தது. எவ்வளவு நேரம்னு கேக்காதேங்கோ, எனக்கு நிஜமாவே தெரியாது. அப்புறம் நானே துணி எடுத்துண்டு வந்து தரையைத் துடைச்சேன். ஒயரைத் தனியாத் துடைச்சு வெயில்ல காய வச்சேன். ஈரத்தோட சுருட்டினா உள்ளே களிம்பு பிடிச்சுடும்.

மறுநாள் காலம்பற ஒயரைக் கொண்டுபோய்த் தங்கப்பொண்ணுகிட்டக் கொடுத்தேன். அவ கையில வாங்கிண்டு என்னையே பார்த்தாள்.

“மாமிக்கு நெத்தியில என்ன காயம்?”

“முத்தத்துல வழுக்கி விழுந்துட்டா.”

“வழுக்கி விழுந்தா முதுகுலயுமா வரிவரியாத் தடிச்சிருக்கும்? எனக்கும் கண்ணு இருக்கு அய்யரே. நீங்க படிச்சவுக, கையெழுத்துப் போடுற கை. இந்தக் கை வெளங்குமா?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் திரும்பி நடந்துட்டேன். படிக்காதவகிட்ட வாய் கொடுத்து என்ன ஆகப்போறது.

அன்னிக்கு ராத்திரி சாதம் போடறச்சேதான் ஜானு சொன்னாள். ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்தது. குரல் மட்டும் நன்னா நிதானமா இருந்தது.

“உங்கப்பா தெவசம் வரப்போறது. அதைப் பண்ணி வச்சுட்டு நான் அண்ணாவோட போறேன். சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் வந்து அழைச்சுண்டு போவான். உங்கப்பா என்னை ஒரு நாள்கூட ‘அடியே’ன்னு கூப்பிட்டதில்லை. அவருக்குச் செய்யற கடைசிச் சமையலாவது நான் செஞ்சுட்டுப் போறேன்.”

நான் சரின்னேன். மோர் ஊத்தச் சொன்னேன். ஊத்தினாள்.

அவ போறதுல எனக்கு என்ன ஆட்சேபணைன்னு நீங்க கேக்கலாம். குழந்தை இல்லாத வீடு, ரெண்டு வேளை ஹோட்டல்ல சாப்பிட்டுட்டுப் போயிடலாம். ஆனா அவ பொட்டியைத் தூக்கிண்டு சந்துல நடந்து போனா, அவ சரி, நான் தப்புன்னு ஆயிடும். இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததுக்கெல்லாம் அர்த்தமே இல்லாம போயிடும். அவ இல்லாம எனக்கு யார் இருக்கா சார். சாயங்காலம் ஆனா யார் வந்து நிப்பா. எனக்கு அவ வேணும். போகக்கூடாது. அவ போகாம இருக்கறதுக்கு எனக்கு ஒரு வழிதான் தோணித்து.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, சொல்றேன். தெவசத்துக்குச் சமைக்கறவா மடியா இருக்கணும். தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு, நனைச்ச புடவையைப் பிழிஞ்சு கட்டிண்டு, அந்த ஈரத்தோடவே சமைக்கணும். காலுக்குச் செருப்பு கிடையாது. தரையையும் அலம்பி விட்டிருக்கும். வேற யாரும் அவாளைத் தொடக்கூடாது. வடைக்கு உளுந்து, துவையல், எல்லாம் கல்லுலதான் அரைக்கணும். கரண்ட் மெஷின்ல அரைச்சது மடி இல்லைன்னு எங்கம்மா நாள்லேர்ந்து பழக்கம். கிரைண்டர் வந்தப்புறமும் தெவசத்துக்கு மட்டும் ஜானு அந்த மடங்காத விரலோட ஆட்டுக்கல்லுலதான் அரைச்சாள்.

இந்த வருஷம் நான் அதை மாத்தினேன். சாஸ்திரிகள் வந்திருந்தார், தங்கப்பொண்ணும் கொல்லைப்பக்கம் நின்னுண்டிருந்தாள். எல்லார் காதுலயும் விழறாப்பல சொன்னேன். ‘பாவம், ஜானுவுக்குக் கை முடியலை. இந்தத் தடவை கிரைண்டர்லயே அரைச்சுக்கட்டும். தோஷம் வந்தா எனக்கு வரட்டும்.’ சாஸ்திரிகள், ‘மனசு சுத்தமா இருந்தாப் போதும் ஹாலாஸ்யம், அதுதான் மடி’ன்னார். தங்கப்பொண்ணுகூடத் தலையாட்டினாள். ஜானு என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணு கலங்கிடுத்து. ஒரு நிமிஷம் எனக்கே மனசு இளகித்து, ஒத்துக்கறேன். அன்னிக்கு அவ ‘நான் போகலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பேச்சே இல்லை. சொல்லலை. உள்ளே போய்ப் பொட்டியில புடவையை அடுக்கினாள்.

தெவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவ கோவிலுக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து ஒயரை எடுத்தேன். என்ன செஞ்சேன்னு வக்கணையாச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒரு சின்ன வேலை. கிரைண்டர் இரும்புல கரண்ட் ஏறறாப்பல பண்ணினேன்னு எழுதிக்கோங்கோ, போதும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. நான் எதைச் செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வேன். திரும்பச் சுருட்டிப் பூட்டி வச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் ஸ்யாமளா திருமங்கலத்துலேர்ந்து பஸ்ல வந்து இறங்கினாள்.

ஸ்யாமளாவைப் பத்தி ஒரு வார்த்தை. எங்கப்பா போறச்சே அவ பாவாடை கட்டற வயசு. நான்தான் படிக்க வச்சேன், நான்தான் தாரை வார்த்தேன். அவளுக்கு நான்னா உசிரு, எனக்கும் அவன்னா உசிரு. அவ மேல என் சுண்டுவிரல் பட்டதில்லை. வந்ததும் வராததுமா ஜானு புருவத்தைத் தடவிப் பார்த்துட்டு, ‘என்ன மன்னி இது, பார்த்து நடக்கக் கூடாதா’ன்னு அழுதாள். வெகுளி.

மறுநாள் விடிஞ்சதும் கொல்லையிலேர்ந்து ஜானு குரல் கொடுத்தாள். அவ தூரமாயிட்டாள். பொம்மனாட்டிகளுக்கு மாசாமாசம் வரது சார். எங்காத்துல மூணு நாள் கொல்லை ரூம்ல ஒதுங்கி இருக்கணும், எதையும் யாரையும் தொடக்கூடாது. தெவசச் சமையல் பண்ணவே கூடாது. தள்ளிப் போடலாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள ஸ்யாமளா புடவையை எடுத்துண்டு கிணத்தடிக்குப் போயிட்டாள்.

“நான் பண்றேன் அண்ணா. அப்பாவுக்குத்தானே. மன்னி பாவம், உக்காரட்டும். அதான் கிரைண்டர் இருக்கே, எனக்கு என்ன கஷ்டம்?”

அவ தலையில தண்ணி ஊத்திக்கற சத்தம் கேட்டுண்டே நான் கூடத்துல நின்னேன். என்ன செஞ்சிருக்கலாம்னு உங்களைவிட எனக்கு நன்னாத் தெரியும். கிரைண்டர் வேண்டாம், கல்லுல அரைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா எத்தனை பேர் முன்னாடி நான் அனுமதி கொடுத்திருக்கேன். ஏன்னு கேப்பாளே. இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு பேசறவனை வீட்டுல யார் சார் மதிப்பா. ஒரு தடவை வார்த்தையை விட்டா விட்டதுதான், எங்கப்பாவும் அப்படித்தான் இருந்தார். தவிர, ஒண்ணும் ஆகாதுன்னும் ஒரு பக்கம் தோணித்து. சில சமயம் வெறுமனே ஒரு உதறு உதறிட்டு விட்டுடும்.

ஈரப் புடவையோட வந்து கையை நீட்டினாள். பீரோவைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். ‘எவ்வளவு ஜாக்கிரதையா வச்சிருக்கே அண்ணா, புதுசு மாதிரியே இருக்கு’ன்னாள். முத்தத்துல கொண்டுபோய்க் கிரைண்டர்ல மாட்டினாள். இந்தப் பக்கம் பிளக்கை நான் சொருகினேன். ஸ்விட்சையும் நான்தான் போட்டேன்.

கத்தலை சார். அது கத்த விடாது. பால் பொங்கி அடுப்புல வழிஞ்சா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி தொண்டையிலேர்ந்து வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கிரைண்டரை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுண்டு நிக்கறாள். தலை பின்னாடி வளைஞ்சு, பல்லு நாக்கைக் கடிச்சு, ரத்தம் முகவாய் வழியா உளுந்துல சொட்டறது. கண்ணு என்னைத்தான் பார்த்துண்டிருந்தது. ஸ்விட்ச் என் தோளுக்குப் பக்கத்துல. கையை நீட்டினா எட்டும். நீட்டலை. ஏன்னு கேட்டேள்னா, அந்தச் சமயத்துல ஜானு கொல்லை ரூம்லேர்ந்து ஓடி வந்தாள். தூரமானவ மடியா இருக்கற இடத்துக்குள்ள ஓடி வராளேன்னுதான் எனக்கு முதல்ல பட்டது.

‘தொடாதேடி’ன்னு தலைமுடியைப் பிடிச்சு இழுத்தேன். திமிறினாள். தலையைத் தூணுல மோதினேன். புருவத்துக் காயம் திரும்பப் பிளந்து முகமெல்லாம் ரத்தம். அப்பவும் விடலை, என் கையைக் கடிச்சாள். பாருங்கோ, தழும்பு இன்னும் இருக்கு. தங்கப்பொண்ணு சுவரேறிக் குதிச்சாள்.

“சுச்ச அமத்துய்யா! கட்டையாட்டம் நிக்கிறியே, கூடப்பொறந்தவ கருகுறாய்யா!”

அமத்தினது நான் இல்லை. என் பிடி நழுவினதும் ஜானு மணைப்பலகையை எடுத்து ஒயர் மேல ஓங்கி அடிச்சாள், அது தெறிச்சு விழுந்தது. ஸ்யாமளா சாய்ஞ்சாள். உள்ளங்கையெல்லாம் வெந்து தோல் கிரைண்டர்லயே ஒட்டிண்டிருந்தது. தலையை மடியில போட்டுண்டு ஜானு ‘ஸ்யாமு, ஸ்யாமு’ன்னு கன்னத்தைத் தட்டினாள். உசிர் போய் வெகு நேரமாச்சுன்னு பார்த்தாலே தெரிஞ்சது. அன்னிக்கு ஜானு உசிரைக் காப்பாத்தினது நான்தான் சார். வெறுங்கையோட ஓடி வந்தவ, நான் இழுக்கலைன்னா அப்படியே போய் ஸ்யாமளாவைக் கட்டிண்டிருப்பாள். அதை ஒருத்தரும் சொல்லலை. அந்தத் தங்கப்பொண்ணு காறித் துப்பினாள்.

நீங்க வந்து பார்த்தேள். பழைய ஒயர், ஈரத் தரை, நடக்கக்கூடியதுதான்னு சொல்லிட்டுப் போனேள். அதுல உங்க மேல குத்தமில்லை.

ஸ்யாமளா புருஷன் வந்ததும் ஜானு அவன் கால்ல விழுந்தாள். ‘என் கிரைண்டர்தான் அவளைக் கொன்னுடுத்து. நான் போயிருக்கணும், என் இடத்துல அவ நின்னா’ன்னு தரையில தலையை முட்டிண்டு அழுதாள். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மறுத்துச் சொல்லலை. ஒரு பழியைத் தலையில சுமந்துண்டிருக்கறவ பொட்டியைத் தூக்கிண்டு எங்கே போகப்போறாள்னு நினைச்சேன். காரியமெல்லாம் முடியற வரைக்கும் ஆத்துலதான் இருந்தாள். சாயங்காலம் வந்து நிக்கலைன்னாலும் சமைச்சுப் போட்டாள். எனக்கு ஸ்யாமளா போன துக்கம் ஒரு பக்கம், இவ தங்கிட்டாளேங்கற ஆறுதல் ஒரு பக்கம். மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

பதிமூணாம் நாள் சுபம் முடிஞ்ச மறுநாள் பசுபதி வந்து அழைச்சுண்டு போயிட்டான்.

நேத்து எஸ்.எஸ். காலனிக்குப் போனேன். அவ உள்ளேயே இருந்தாள், முகத்தைக் காட்டலை. பசுபதிதான் வாசல்ல நின்னு பேசினான். அவன் நல்லவன், ஏதும் சந்தேகப்படலை. ‘அத்திம்பேர், அவளை வற்புறுத்தாதேங்கோ. சோறு இறங்கலை, தூக்கமில்லை. ஸ்யாமளாவை நான்தான் கொன்னேன்னே பிதத்தறாள். அந்த முத்தத்துல இனிமே கால் வைக்க முடியாதுங்கறாள்’னு கண்ணைத் துடைச்சுண்டான்.

பஸ்ல வரச்சே யோசிச்சுண்டே வந்தேன். என் மேல கோபம்னு ஒரு வார்த்தை அவ சொல்லலை. அடிச்சதையோ கதவிடுக்கையோ பத்திப் பேச்சே இல்லை. அவ வராததுக்குக் காரணம், தான்தான் ஸ்யாமளாவைக் கொன்னுட்டோம்னு தப்பா நினைச்சுண்டிருக்கறது. தப்பு அவ மேல இல்லைன்னு யாராவது எடுத்துச் சொல்லணும். அது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்.

அதான் வந்துட்டேன். ஒயரைக் கெடுத்தது நான், ஸ்விட்சைப் போட்டது நான், கையை நீட்டாதது நான். எங்கே கையெழுத்துப் போடணுமோ போடறேன். ஆனா இன்னிக்கே யாரையாவது எஸ்.எஸ். காலனிக்கு அனுப்பி ஜானுகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. அவ கையால ஒரு பாவமும் நடக்கலைன்னு தெரிஞ்சா மனசு ஆறிடும். அப்புறம் அவ ஆத்துக்குத் திரும்பி வராம இருக்கறதுக்கு என்ன காரணம் சார் இருக்கு.